உங்கள் எழுத்து உங்கள் கணினியில் பிழைத்திருக்க

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் மாலை, பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய சிடி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தம்பி, நான் எழுதின ஊர்ப்பெயர் ஆராய்ச்சி முழுக்க இதுலதான் இருக்கு. இருநூறு பக்கம். டிடிபி சென்டர்ல காசு கொடுத்து அடிச்சு வாங்கினது. இப்ப திறந்தா ஒரு எழுத்துகூடத் தமிழ்ல இல்லையே" என்றார்.

சிடி டிரைவ் உள்ள கணினி ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தோம். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். முதல் வரியிலேயே ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி. ஐயாவின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த அரைப்புள்ளியைப் பார்த்ததும் நிம்மதி. அது பாமினி எழுத்துரு. 'தமிழ்' என்ற சொல்லை பாமினியில் தட்டச்சு செய்தால் உள்ளே அப்படித்தான் பதிவாகும். அவருடைய இருநூறு பக்கமும் பத்திரமாகவே இருந்தது.

இப்படி ஒரு சிடியோ பழைய ஹார்டு டிஸ்க்கோ பல வீடுகளில் கிடக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், முனைவர் பட்ட ஆய்வேடு, தாத்தா சொல்லச் சொல்ல அடித்த குடும்ப வரலாறு. 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய தமிழ்க் கோப்பை மீட்பது, இனி எழுதுவதைத் தொலையாமல் வைப்பது இரண்டுக்கும் வேண்டிய மென்பொருள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. சில உங்கள் கணினியிலேயே இருக்கின்றன.

முதலில், அந்த எழுத்துகள் ஏன் அப்படித் தெரிந்தன? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துத்தான் அது சேமிக்கிறது. 1990களில் ஓர் எழுத்துருவுக்குள் இருந்தவை மொத்தம் 256 இடங்கள். அவை ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் என்று வகுக்கப்பட்டவை. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில 'ஜே' இருந்த இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைத்தார்கள், அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை வைத்தார்கள். திரையில் தமிழ் தெரிந்தது, அச்சிலும் அழகாக வந்தது. ஆனால் கோப்புக்குள் இருந்தது ஆங்கில எழுத்துகளின் எண்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஆளாளுக்கு முடிவு செய்தார்கள். பாமினி ஒரு மாதிரி, வானவில் ஒரு மாதிரி, ஸ்ரீலிபி ஒரு மாதிரி. பொதுவாக ஒன்று வேண்டும் என்று டிஸ்கி என்ற குறியீடு வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான். ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாது என்ற நிலை மட்டும் மாறவில்லை.

அதைத் தீர்த்தது யூனிகோடு. 1991இல் வெளியான இந்தத் தரத்தில் உலகின் எழுத்துமுறைகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. தமிழின் 'க' என்றால் 2965. அந்த எண் வேறு எந்த மொழியின் எந்த எழுத்துக்கும் கிடையாது. எழுத்துருவை மாற்றினால் 'க'வின் அழகு மாறும், அது 'க' என்பது மாறாது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் தமிழை மறுமுனையில் எந்த போனிலும் படிக்க முடிவது இதனால்தான். தேடுபொறி கண்டுபிடிப்பதும், அகரவரிசைப்படுத்த முடிவதும், பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவதும் யூனிகோடாக இருந்தால் மட்டுமே. 2010இல் தமிழக அரசும் இதை முறைப்படி ஏற்றது.

ஆக, செய்யவேண்டியது ஆங்கில வேடத்தில் இருக்கும் கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது. முதலில் அது எந்த எழுத்துரு என்று தெரியவேண்டும். கோப்பை வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ திறந்து, புரியாத வரி ஒன்றின் நடுவில் கர்சரை வையுங்கள். மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் கோப்பில் பதிவாகி இருக்கும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு மாற்றி. இணையத்தில் சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி பல ஆண்டுகளாக இருக்கிறது. பழைய எழுத்தை ஒரு பெட்டியில் ஒட்டி, எழுத்துருவின் வகையைச் சொடுக்கினால் யூனிகோடு வந்துவிடும். கணினியிலேயே நிறுவிக்கொள்ள 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' உண்டு. இணைய இணைப்பு இல்லாமலே வேலை செய்யும் என்பதால், வெளியே போகக்கூடாத ஆவணங்களுக்கு இதுதான் ஏற்றது.

சில எச்சரிக்கைகள், எல்லாம் ஐயாவின் கோப்பில் பட்டு அறிந்தவை. மூலக் கோப்பைத் தொடாதீர்கள், பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். இருநூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாமல் அத்தியாயம் அத்தியாயமாக மாற்றுங்கள். தமிழுக்கு நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழாக மாறி அர்த்தமில்லாமல் நிற்கும். அவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அட்டவணை எல்லாம் போய்விடும். மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும் சில இடங்களில் எழுத்தாக மாறியிருக்கும். ஐயாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் முடித்தோம். அவர் திரையைப் பார்க்க, நான் பழைய அச்சுப் பிரதியை வாசிக்க, அப்படித்தான் மெய்ப்புப் பார்த்தோம்.

டிடிபி சென்டரில் அடித்தவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கும். அந்த மென்பொருள் இப்போது யாரிடமும் இல்லையே என்று கைவிட வேண்டாம். லிப்ரே ஆபிஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. 'டிரா' என்ற பகுதியில் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் சிதறியிருக்கலாம். ஆனால் நமக்கு வேண்டியது எழுத்து. அந்தப் பெட்டிகளுக்குள் சொடுக்கி நகலெடுத்து, மாற்றியில் ஒட்டிவிடலாம்.

அச்சுப் பிரதி மட்டுமே கையில் இருக்கிறது, கோப்பே இல்லை என்றால்? அதற்கும் வழி உண்டு. படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்து எடுத்துக்கொடுக்கும் வேலையை ஓசிஆர் என்பார்கள். கூகுள் டிரைவில் பக்கத்தின் படத்தை ஏற்றி, அதன்மேல் வலச்சொடுக்கி, 'ஓப்பன் வித்' என்பதில் 'கூகுள் டாக்ஸ்' என்று கொடுங்கள். மேலே படமும் கீழே அதிலிருந்து எடுத்த தமிழும் வந்து நிற்கும். தெளிவான அச்சாக இருந்தால் வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக இருக்கும். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். பக்கம் வளையாமல், நிழல் விழாமல், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் நேர்மேலிருந்து எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ போதும்.

இணையத்தில் ஏற்ற விருப்பமில்லாதவர்களுக்கு டெசராக்ட் இருக்கிறது. 1980களில் எச்.பி. நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாக வெளியாகி, பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்த ஓசிஆர் மென்பொருள் இது. தமிழும் படிக்கும். கட்டளை எழுதிப் பழக்கமில்லாதவர்கள் 'ஜிஇமேஜ்ரீடர்' என்ற இலவச மென்பொருள் வழியாக இதைச் சுட்டியாலேயே இயக்கலாம்.

ஓசிஆர் கொடுத்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடும். புள்ளி மங்கிய இடத்தில் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'லை', 'னை', 'றா' போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அங்கெல்லாம் திணறும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வரும் இடங்களை இருமுறை பாருங்கள். அகராதியில் இல்லாத சொற்கள் அவைதான்.

இனி எழுதப்போவதைப் பற்றி. தமிழில் தட்டச்சு செய்ய எந்த மென்பொருளையும் தேடி அலையவேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்' சென்று, மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். இதைத் தவிர ஈ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் எனத் தமிழர்களே உருவாக்கி இலவசமாகத் தந்தவையும் உண்டு. ஒரு காலத்தில் இணையத் தமிழைத் தாங்கிப் பிடித்தவை இவைதான். பழகியவர்கள் அவற்றிலேயே தொடரலாம்.

எந்த விசைப்பலகை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டி 'அம்மா' வரவழைக்கும் முறையில்தான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். வாட்ஸ்அப் பேச்சுக்கு அது போதும். பத்துப் பக்கத்துக்கு மேல் எழுதுபவர்கள் தமிழ்99 கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் தடுமாறும், இரண்டாவது வாரத்தில் கை ஓடும்.

தமிழ்99இன் அமைப்பு அத்தனை அழகானது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 'ஏ' விசையில் அ, அதற்கு நேர்மேலே 'கியூ' விசையில் ஆ. 'எஸ்' விசையில் இ, அதற்கு நேர்மேலே 'டபிள்யூ' விசையில் ஈ. 'டி' (D) விசையில் உ, அதற்கு மேலே ஊ. குறிலுக்கு மேல் நெடில் என்று நினைவில் வைத்தால் போதும். ஷிஃப்ட் விசையின் தேவை மிகக் குறைவு. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் தானே உருவாகும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள். ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே புள்ளி விழும். தமிழ் இலக்கணமே விசைப்பலகைக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். எழுபது வயதைக் கடந்த ஐயா இதை இருபது நாளில் பழகினார். ஐபோனில் 2013 முதல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'செல்லினம்' செயலியில் கிடைக்கும்.

விரல் ஒத்துழைக்காதவர்கள் பேசியே எழுதலாம். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸ் திறந்து, 'டூல்ஸ்' பட்டியலில் 'வாய்ஸ் டைப்பிங்' சென்று மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொண்டு பேசுங்கள். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டாலும் அதே வசதி. நிறுத்தக்குறிகளைப் பின்னால் நாம்தான் போடவேண்டும். ஊரில் இருக்கும் பாட்டி சொல்லும் பழைய கதையை எழுத்தாக்க இதைவிட எளிய வழி வேறில்லை.

எழுதியதை எதில் சேமிப்பது? மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது லிப்ரே ஆபிஸ். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளை பிரிந்தது. 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மூன்றின் வேலையையும் செய்யும், அந்தக் கோப்புகளையும் திறக்கும். மெனுக்களையும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். அதன் சொந்தக் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006இலேயே ஐஎஸ்ஓ தரமானது. வடிவத்தின் விவரம் முழுக்க வெளியில் இருப்பதால், ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் அந்தக் கோப்பைத் திறக்க வேறொருவர் மென்பொருள் எழுதிவிட முடியும். பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனதால்தானே இத்தனை பாடு.

லிப்ரே ஆபிஸில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' கொடுக்கும்போது வரும் பெட்டியில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை டிக் செய்தால், வெளிவரும் பிடிஎஃப்புக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பும் மடித்து வைக்கப்படும். யாருக்கு அனுப்பினாலும் சாதாரண பிடிஎஃப்பாகத் திறக்கும். நீங்கள் லிப்ரே ஆபிஸில் திறந்தால் எழுத்தைத் திருத்தலாம். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் பெருகி எது மூலம் என்று தெரியாமல் போகும் தொல்லை இதனால் பாதி குறையும்.

எழுத்துருவுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் 'நோட்டோ செரிஃப் தமிழ்', 'நோட்டோ சான்ஸ் தமிழ்', 'மீரா இனிமை', 'முக்த மலர்', 'காட்டமரான்' ஆகியவை கிடைக்கின்றன. எல்லாம் யூனிகோடு. புத்தகமாக அச்சிடவும், கடைப் பலகைக்கும், அழைப்பிதழுக்கும் தாராளமாகப் பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது.

அன்றாடம் ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் ஓடவைக்கும் சில வேலைகளையும் வீட்டிலேயே முடிக்கலாம். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். அதற்கு 'ஸ்க்வூஷ்' என்ற தளம் போதும். படம் உங்கள் உலாவிக்குள்ளேயே சுருங்கும், எங்கும் ஏற்றப்படுவதில்லை. பல பிடிஎஃப்களை ஒன்றாக்கவும் ஒன்றைப் பிரிக்கவும் 'பிடிஎஃப்சாம் பேசிக்' நிறுவிக்கொள்ளுங்கள். கடவுச்சொல் தெரிந்த பிடிஎஃப்பில் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்பது தொல்லையாக இருந்தால், குரோமில் திறந்து, பிரின்ட் கொடுத்து, பிரின்டர் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்தால் பூட்டு இல்லாத பிரதி கிடைக்கும்.

இந்த வேலைகளுக்கென்று தேடினால் நூற்றுக்கணக்கான தளங்கள் வரும். ஆதார், பான் அட்டை, வங்கி அறிக்கை, நிலப்பத்திரம் இவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள். இலவசமாகச் சுருக்கித் தருகிறவர் அதன் பிரதியை என்ன செய்கிறார் என்று அறிய நமக்கு வழியில்லை. உங்கள் கணினிக்குள்ளேயே வேலை செய்யும் மென்பொருளைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். தேடல் முடிவில் முதலில் நிற்பது பல நேரம் விளம்பரம். அதைச் சொடுக்கினால் அதே பெயர், அதே படம் உள்ள போலித் தளத்துக்குப் போய்விடலாம். உண்மையான பக்கத்திலேயே பெரிய பச்சைப் பொத்தான் விளம்பரமாகவும் சிறிய நீல எழுத்து அசல் இணைப்பாகவும் இருப்பது உண்டு. மென்பொருளைச் செய்தவரின் சொந்தத் தளத்துக்கே செல்லுங்கள். விஎல்சி பிளேயருக்கு வீடியோலேன் டாட் ஆர்க், லிப்ரே ஆபிஸுக்கு லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க். சந்தேகமிருந்தால் இறக்கிய கோப்பை 'வைரஸ்டோட்டல்' தளத்தில் கொடுங்கள். பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒருசேரச் சோதித்துச் சொல்லும். அங்கே ஏற்றுவதை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணங்களை அங்கே கொடுக்கக்கூடாது, மென்பொருளை மட்டும்.

'கிராக்' செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம். என் உறவினர் பெண்ணின் திருமணப் படங்கள் மொத்தமும் அப்படி ஒரு கிராக் வழியாக வந்த பூட்டுக்கார வைரஸிடம் சிக்கின. காசு கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்றது. ஒரு படம்கூடத் திரும்பி வரவில்லை. படம் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், ஒலி வெட்ட ஒடாசிட்டி, சுருக்கிய கோப்பைத் திறக்க செவன்-ஜிப், பாட்டும் படமும் பார்க்க விஎல்சி. எல்லாம் நேர்வழியில் இலவசமாக இருக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு?

அன்றாடம் உதவும் குறுக்குவிசைகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் சொன்னால் எதுவும் நிற்காது. விண்டோஸ் விசையோடு 'வி' அழுத்தினால், சற்றுமுன் நகலெடுத்தவை எல்லாம் பட்டியலாக வரும். முதல் முறை மட்டும் 'டர்ன் ஆன்' கொடுக்கவேண்டும். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அங்கே நிற்கும் என்பதை மறக்காதீர்கள். விண்டோஸ், ஷிஃப்ட், 'எஸ்' சேர்த்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்கலாம். உலாவியில் தவறுதலாக மூடிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல், ஷிஃப்ட், 'டி' (T). கோப்பு எங்கே வைத்தோம் என்று தெரியாதவர்களுக்கு 'எவ்ரிதிங்' என்ற சின்ன மென்பொருள். பெயரில் இரண்டு எழுத்து அடித்தாலே கணினி முழுவதிலும் உள்ளதைக் கொண்டுவந்து காட்டும்.

ஐயாவிடம் இருந்த கணினி விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருப்பதால் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடும் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டோம். 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். பென் டிரைவிலிருந்தே இயக்கி, பிரின்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் நிறுவலாம். லிப்ரே ஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் அதிலேயே வருகின்றன. தமிழ்99ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவுமுன் கணினியில் இருப்பதையெல்லாம் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துவிடும்.

பிரதி என்ற பேச்சு வந்துவிட்டது. நான் இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மதிப்புள்ள எதுவும் மூன்று பிரதியாக இருக்கவேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவிலோ வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ ஒன்று. வெள்ளம் வந்தால் கணினியும் நனையும், அதன் பக்கத்திலேயே வைத்திருந்த ஹார்டு டிஸ்கும் நனையும்.

கூகுள் டிரைவில் இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. கணினியோடு அதை இணைத்து வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். அங்கே குப்பைத் தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும். இலவச இடம் 15 ஜிபி. மின்னஞ்சலும், 2021 ஜூன் முதல் சேர்த்த படங்களும் அதிலேயே அடங்கும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்ற விதியும் இப்போது இருக்கிறது. வயதானவர்கள் கணக்கு அமைப்பில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்பதைத் திறந்து, தாம் நெடுநாள் கணக்குப் பக்கம் வராவிட்டால் கோப்புகள் மகனுக்கோ மகளுக்கோ போய்ச் சேரும்படி எழுதி வைக்கலாம். வங்கியில் நாமினி போடுவது போலத்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் பிரதி ஆகாது, அது தரம் குறைந்து சுருங்கியது. முக்கியமான படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சிடியும் பென் டிரைவும் நெடுங்காலத்துக்கு நம்பத் தகுந்தவை அல்ல. ஐயாவின் சிடி திறந்தது எங்கள் நல்ல நேரம்.

தவறி அழித்துவிட்டால், அந்த நொடியே அந்த டிரைவில் எதையும் எழுதுவதை நிறுத்துங்கள். அழித்த கோப்பின் இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர உடனே துடைக்கப்படுவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை 'ஃபோட்டோரெக்', 'ரெக்குவா' போன்ற இலவச மென்பொருள்கள் மீட்டுத்தரக் கூடும். கேமரா மெமரி கார்டில் இது பல முறை பலித்திருக்கிறது. புதுக் கணினிகளில் உள்ள எஸ்எஸ்டியில் நம்பிக்கை குறைவு. காலியான இடத்தை அது தானே சுத்தம் செய்துவிடும்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்ப்பதும் அதில் சேர்ந்த வேலைதான். ஐயா ஹார்டு டிஸ்க் ஒன்றில் தன் நூலை ஓடிஎஃப்பாகவும் பிடிஎஃப்பாகவும் போட்டு, மேலே மார்க்கரில் தேதி எழுதி, திருச்சியில் இருக்கும் மகளிடம் கொடுத்திருக்கிறார். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் அந்தப் பெண் அதைக் கணினியில் செருகி, ஏதாவதொரு அத்தியாயத்தைத் திறந்து முதல் பத்தியைப் போனில் வாசிக்கிறாள். போன பொங்கலுக்கு வாசித்தபோது ஓர் ஊர்ப்பெயரில் ணகரத்துக்குப் பதிலாக னகரம் நிற்பதை ஐயா காதாலேயே பிடித்துவிட்டார்.